கூடம் கோணல்தான்

உலக சினிமா பேசப்படும் இடங்களில் சில கதைகள் புராணம்போல் நிலைபெற்றுவிட்டன. கேள்வி கேட்காமல் ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்டுவார். ழாக் டாட்டியின் ‘ப்ளேடைம்’ படத்தைப் பற்றிய கதையும் அப்படி ஒன்று. பிரான்சின் தலைசிறந்த நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் மூன்றாண்டு உழைத்து, சொத்தையெல்லாம் கொட்டி, காலத்தை மிஞ்சிய காவியம் ஒன்றை எடுத்தார். 1967 டிசம்பரில் படம் வெளிவந்தது. மக்களுக்குப் புரியவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் கொட்டாவி விட்டார்கள். கலைஞர் கடனில் மூழ்கினார். பின்னால் வந்த விவரமறிந்தவர்கள் படத்தைக் கண்டெடுத்துச் சிம்மாசனத்தில் ஏற்றினார்கள். 2022-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் உலக விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அது 23-ஆம் இடம் பெற்றது. கதையின் நீதி: ரசனையற்ற கூட்டம் ஒரு மேதையை வீழ்த்தியது.

இதில் படத்தின் பெருமையைப் பற்றிய பகுதி உண்மை. கடனைப் பற்றிய பகுதியும் உண்மை. மக்களைப் பற்றிய பகுதி மட்டும் பொய். அந்தப் பொய்தான் கதையின் மற்றெல்லாப் பகுதிகளையும்விட அதிகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

குற்றம் சாட்டப்படும் இந்த மக்கள் யார் என்று முதலில் பார்ப்போம். டாட்டியின் முதல் முழுநீளப் படமான ‘திருவிழா நாள்’ 1949-இல் வந்தது. சைக்கிளில் கடிதம் கொண்டுபோகும் ஒரு கிராமத்துத் தபால்காரரின் கோணங்கித்தனம்தான் படம். 1953-இல் ‘யூலோவின் விடுமுறை’. கடற்கரை விடுதி ஒன்றில் சிலர் விடுமுறையைக் கழிக்கிறார்கள், பிறகு ஊர் திரும்புகிறார்கள். கதை என்று சொல்ல அதில் எதுவும் கிடையாது. வசனம் என்று சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஊசலாடும் கதவின் ஓசையும், பந்து மட்டையின் ஓசையும், டாட்டியே ஏற்று நடித்த யூலோ என்ற புகைக்குழாய் கவ்விய மனிதரின் சாய்ந்த நடையும்தான் படம். பிரான்சில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் டிக்கெட் வாங்கி அதைப் பார்த்தார்கள். 1958-இல் ‘என் மாமா’. மீன் வடிவ நீரூற்றும் தானியங்கிக் கதவுமாக மின்னும் ஒரு நவீன வீட்டைக் கேலி செய்த படம். அதற்கு 45 லட்சம் பேர் வந்தார்கள். கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு, பிறகு சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் என்று விருதுகளும் வந்தன. ஆனால் விருதுக்காகக் காத்திருந்து மக்கள் அதைப் பார்க்கவில்லை.

கதையில்லாத படத்துக்கும், வசனமில்லாத படத்துக்கும், கட்டடக்கலையைப் பற்றிய கேலிக்கும் குடும்பத்தோடு வந்து சிரித்த கூட்டம் இது. ஒன்பதே ஆண்டுகளில் இந்தக் கூட்டத்துக்கு மூளை மழுங்கிவிட்டது என்று நம்பச் சொல்கிறார்கள்.

சான்றாக நகைச்சுவை நடிகர் லூயி த ஃப்யூனெஸைக் காட்டுவார்கள். ப்ளேடைம் வெளியான அதே மாதத்தில் அவர் நடித்த ‘நீண்ட விடுமுறை’ திரைக்கு வந்து 70 லட்சம் பேரை இழுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த அவருடைய போர்க்கால நகைச்சுவைப் படத்தைப் பிரான்சில் 1 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். “பாருங்கள், மக்களுக்கு வேண்டியது முகச்சேட்டைதான்” என்பது வாதம். இரண்டையும் ரசிக்கும் மனம் ஒருவருக்கே இருக்க முடியும் என்பது இவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. பரபரப்பான சிரிப்பை ஒரு ஞாயிறும் அமைதியான சிரிப்பை இன்னொரு ஞாயிறும் தேடிப்போகும் சாதாரண மனிதரை இவர்கள் ஒருபோதும் சந்தித்ததில்லை போலும்.

ப்ளேடைமைப் பிரான்சில் பார்த்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர். டாட்டியின் முந்தைய படங்களோடு ஒப்பிட்டால் இது வீழ்ச்சிதான். ஆனால் நேர்கோட்டுக் கதையில்லாத, நட்சத்திரங்கள் இல்லாத, நெருக்கக் காட்சிகளே இல்லாத ஒரு படத்தை 12 லட்சம் பேர் காசு கொடுத்துப் பார்த்ததைப் புறக்கணிப்பு என்று எந்தக் கணக்கில் எழுதுவது? இந்த எண்ணிக்கையைத் தோல்வியாக்கியது படத்தின் செலவு. பாரிஸின் தென்கிழக்கு எல்லையில் டாட்டி ஒரு நகரத்தையே கட்டினார். இரும்பும் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக எழுந்த கட்டடங்கள், இயங்கும் மின்படிக்கட்டு, தனி மின்நிலையம், தண்டவாளத்தில் நகர்த்தக்கூடிய முகப்புகள். ‘டாட்டிவில்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. 1964-இல் புயல் வந்து அதில் ஒரு பகுதியைப் பெயர்த்தது. மறுபடி கட்டினார். பணம் தீரும்போதெல்லாம் படப்பிடிப்பு நின்றது. கடன் கிடைத்ததும் தொடர்ந்தது. வீடும் முந்தைய படங்களின் உரிமையும் ஈடாகப் போயின. படம் திரைக்கு வருவதற்கு முன்பே கடன் கழுத்தை எட்டியிருந்தது. இந்தக் கடனை அடைக்கும் பொறுப்பு டிக்கெட் வாங்கிய மக்களுடையதாம்!

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சாக்குச் சொல்பவர்களைக் குத்த வைத்திருக்கும் பழமொழி. ப்ளேடைம் விவகாரத்தில் அதைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. ஆடியவருக்கு ஆடத் தெரியும். பார்த்தவர்களுக்கும் பார்க்கத் தெரியும். கூடம்தான் நிஜமாகவே கோணல்.

டாட்டி படத்தை 70 மி.மீ.-இல் எடுத்தார். வழக்கமான 35 மி.மீ. பிலிமைவிட அதன் சட்டகம் மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. பாலைவனத்தையும் போர்க்களத்தையும் காட்டப் பிறர் பயன்படுத்திய அந்த அகலத்தை இவர் அலுவலக வரவேற்பறையைக் காட்டப் பயன்படுத்தினார். காரணம் ஆடம்பரமல்ல. அவருடைய நகைச்சுவை சட்டகத்தின் மூலைகளில் நடக்கிறது. முன்னால் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் மெத்தை பெருமூச்சு விடுகிறது. அதே நேரத்தில் கண்ணாடிக்கு அப்பால், ஆள்காட்டி விரல் அளவில் தெரியும் இன்னொருவர் வேறொரு குழப்பத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஒலியும் அப்படித்தான். பல தடங்களில் பதிவான காலடியோசை இடமிருந்து வலமாக நடந்துபோக வேண்டும். அதனால், 70 மி.மீ. கருவியும் பன்முக ஒலியமைப்பும் உள்ள அரங்குகளில் மட்டுமே படம் ஓட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அவ்வகை அரங்குகள் நாட்டில் மிகச் சில. பெரும்பாலும் பெருநகரங்களில். டாட்டியின் கூட்டமோ சிற்றூர்களிலும் புறநகர்களிலும் இருந்தது. ‘யூலோவின் விடுமுறை’யைப் பக்கத்துக் கொட்டகையில் பார்த்த தையல்காரர் ப்ளேடைமை வெறுக்கவில்லை. அது அவர் ஊருக்கு வரவே இல்லை.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் மோசம். அங்கே படத்தை வாங்க முதலில் ஆள் இல்லை. வெளியாக 1973 ஆயிற்று. வந்ததும் 35 மி.மீ.-இல், வெட்டிச் சுருக்கிய வடிவில். விரல் அளவு மனிதர்கள் நகக்கண் அளவானார்கள். சிரிப்பு வர வேண்டிய இடம் கண்ணுக்கே தெரியாதபோது, சிரிக்கவில்லை என்று பார்த்தவரைக் குறை சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

சரி, பாரிஸில் நல்ல அரங்கில், முழு அளவில் பார்த்தவர்களிலும் பலர் திகைத்தார்களே என்று கேட்கலாம். திகைத்தார்கள். எங்கே சிரிப்பது என்று தெரியவில்லை என்றார்கள். முதல் ஒரு மணிநேரம் சலிப்பூட்டுகிறது என்றார்கள். இதைத்தான் ரசனையின்மைக்குச் சாட்சியமாக ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாசிக்கிறார்கள். நான் இதைப் படத்தைப் பற்றிய துல்லியமான முதல் விமர்சனமாக வாசிக்கிறேன்.

வழக்கமான நகைச்சுவைப் படம் நமக்கு எங்கே பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்கும். வாழைப்பழத் தோலை நெருக்கத்தில் காட்டும், வருகிறவரைக் காட்டும், மீண்டும் தோலைக் காட்டும். அரங்கமே ஒரே நொடியில் சிரிக்கும். அந்தக் கூட்டுச் சிரிப்பில் பாதி, பக்கத்து இருக்கைக்காரர் சிரிப்பதால் வருவது. டாட்டி இந்த ஏற்பாட்டை முழுவதுமாகக் கலைத்தார். ஒரே சட்டகத்தில் நான்கைந்து வேடிக்கைகள். கேமரா எதையும் சுட்டாது. இடது மூலையைப் பார்த்தவர் சிரிக்கும்போது வலது மூலையைப் பார்த்தவர் சும்மா இருப்பார். அடுத்த கணம் இவர் சிரிப்பார், அவர் விழிப்பார். சிரிப்பு அரங்கில் துண்டுதுண்டாகச் சிதறும். தான் மட்டும் தனியாகச் சிரிப்பதாக ஒவ்வொருவருக்கும் தோன்றும்; தனியாகச் சிரிப்பவர் சீக்கிரமே அடங்கிவிடுவார். ஆயிரம் பேர் இருக்கும் அரங்கில் இப்படித்தான் நடக்கும். விமர்சகர்களை மட்டும் ஆயிரம் பேர் உட்கார வைத்தாலும் இதேதான் நடக்கும்.

முதல் ஒரு மணிநேரத்தின் சலிப்பும் தற்செயலானதல்ல. யூலோ ஒருவரைப் பார்க்க அலுவலகத்துக்கு வருகிறார். அவர் பார்க்க வந்த அதிகாரி நீண்ட நடைகூடத்தின் மறுமுனையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார். காலடியோசை கேட்டு யூலோ எழுகிறார். இன்னும் நேரமிருக்கிறது, உட்காருங்கள் என்கிறார் வயதான காவலாளி. ஒரே சாம்பல் நிறம், ஒரே கண்ணாடி, ஒரே முணுமுணுப்பு. சுற்றுலா விளம்பரத் தட்டிகளில் எந்த நாட்டின் பெயர் இருந்தாலும் படத்தில் ஒரே கட்டடம். இந்த வெறுமையை நாம் உடம்பால் உணர வேண்டும் என்பதற்காகத்தான் டாட்டி அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். அதை உணர்ந்து வெளியே வந்து ‘வெறுமையாக இருந்தது’ என்று சொன்னவர் படத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். அவருக்குத் தெரியாதது ‘நவீனத்துவ விமர்சனம்’ போன்ற சொற்கள் மட்டுமே.

வெறுமையைத் தாங்கியவர்களுக்குப் படம் கூலியும் கொடுக்கிறது. இரண்டாம் பாதியில், அன்றுதான் திறக்கப்படும் ‘ராயல் கார்டன்’ உணவகம் ஒரே இரவில் சிதைகிறது. நடனத் தளத்தின் ஓடு பரிமாறுபவரின் காலணியில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு மீனுக்கு ஒவ்வொரு பணியாளராக வந்து மசாலா சேர்த்துப் போகிறார்கள். அது யாருக்கும் பரிமாறப்படுவதே இல்லை. கண்ணாடிக் கதவு நொறுங்கியபின் வாயிற்காவலர் பித்தளைக் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு காற்றைத் திறந்துவிடுகிறார். மேற்கூரை அலங்காரம் சரிந்து விழுந்ததும், அந்த இடிபாட்டில் ஓர் அமெரிக்கர் தனிக் கடையே நடத்துகிறார். நாற்காலியின் கிரீடச் சின்னம் முதுகில் அச்சாக விழுந்தவர்களுக்கு மட்டும் உள்ளே அனுமதி. முக்கால் மணிநேரத்துக்கு நீளும் இந்தக் களேபரத்தில், தனித்தனியாகச் சிதறிக்கிடந்த சிரிப்பு மெல்ல ஒன்றுசேர்கிறது. பார்வையாளரை நம்பாத ஒருவரால் இப்படி ஒரு படத்தைக் கட்டியிருக்க முடியாது.

திகைப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. சுவரொட்டியைப் பார்த்து வந்தவர்கள் யூலோவைத் தேடி வந்தார்கள். யூலோ மேல் டாட்டிக்கு அலுப்பு வந்திருந்தது. நாயகன் ஒருவனே சிரிப்பு மூட்டுவதை விட்டு, திரையில் இருக்கும் எல்லோரும் சிரிப்பு மூட்ட வேண்டும் என்று அவர் நினைத்தார். அதனால் ப்ளேடைமில் யூலோ அடிக்கடி காணாமல் போகிறார். அதே மழைக்கோட்டும் தொப்பியுமாகப் போலி யூலோக்கள் நடந்துபோய், படத்தில் இருப்பவர்களையும் நம்மையும் ஏமாற்றுகிறார்கள். அழகான யோசனைதான். ஆனால் பிரியமான ஒருவரைப் பார்க்க வந்த இடத்தில் அவருடைய நிழலைக் காட்டினால், வந்தவர் ‘அவர் எங்கே?’ என்று கேட்கத்தான் செய்வார். அந்தக் கேள்வியை அறியாமை என்று எழுதுவது, வாக்குக் கொடுத்தவரை விட்டுவிட்டு வாக்கை நம்பியவரைத் தண்டிப்பது.

‘காலத்தை மிஞ்சிய படம்’ என்ற பட்டத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். படத்தின் முதல் காட்சி பளபளக்கும் ஒரு கூடம். கன்னியாஸ்திரிகள் கடந்துபோகிறார்கள், ஒரு தம்பதியர் கிசுகிசுக்கிறார்கள். மருத்துவமனை என்று நினைக்கிறோம்; பிறகுதான் விமான நிலையம் என்று தெரிகிறது. பாரிஸில் ஓர்லி விமான நிலையத்தின் தெற்கு முனையம் 1961-இல் திறக்கப்பட்டது. கண்ணாடியும் எஃகுமான அந்தக் கட்டடத்தையும் விமானங்களையும் வேடிக்கை பார்க்க, ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளோடு மக்கள் திரண்டார்கள். பயணம் போக வசதியில்லாதவர்களும் மொட்டைமாடியில் நின்று கையசைத்துவிட்டுத் திரும்பினார்கள். அந்தப் பத்தாண்டில் பிரான்சில் அதிகம் பேர் போய்ப் பார்த்த இடங்களில் ஓர்லியும் ஒன்று. பாரிஸை ஒட்டிய லா தெஃபான்ஸ் பகுதியில் முதல் கண்ணாடி அலுவலகங்கள் எழுந்ததும் அதே காலத்தில்தான். அந்தக் கண்ணாடி உலகத்தின் மினுக்கையும் அபத்தத்தையும் 1967-இன் பாரிஸ்வாசியைவிட நன்றாக அறிந்தவர் யார்? படம் காலத்தை மிஞ்சவில்லை. காலத்தின் நடுவிலேயே நின்றது. காலத்தை மிஞ்சியது அதன் பட்ஜெட்டும் திரையிடும் கருவியும்தான்.

இனிப் பின்னால் வந்த புகழ். படத்தின் மிகச் சிறந்த வாசகர்களில் ஒருவரான விமர்சகர் நோயல் பர்ச், இதைப் பலமுறை பார்த்தால் போதாது, அரங்கில் திரையிலிருந்து வெவ்வேறு தூரங்களில் உட்கார்ந்தும் பார்க்க வேண்டும் என்று எழுதினார். படத்தை அறிந்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருத்து இது. இதன் பொருள் என்ன? ஒருமுறை, ஓர் இருக்கையிலிருந்து பார்ப்பவருக்குப் படம் முழுவதும் கிடைக்காது என்பதுதானே? அப்படியானால் ஒரே ஒரு டிக்கெட்டுக்குக் காசு வைத்திருந்தவரை ‘புரியாதவர்’ என்று எப்படிச் சொல்கிறீர்கள்? புதுப்பித்த பிரதியை, விழா அரங்குகளில், நான்காவது முறையாக, கையில் குறிப்போடு பார்ப்பவரின் பரவசத்தை அளவுகோலாக வைத்து, கிறிஸ்துமஸ் விடுமுறையில் குழந்தைகளோடு ஒருமுறை வந்துபோனவரை அளக்கிறார்கள். 23-ஆம் இடம் படத்தின் தரத்துக்குச் சான்று. 1967-இன் மக்களுக்கு எதிரான தீர்ப்பு அதில் எங்குமில்லை.

விமர்சகர்கள் எல்லோரும் அன்றே படத்தைத் தாங்கிப் பிடித்ததாகவும் மக்கள்தான் தள்ளிவிட்டதாகவும் ஒரு பிம்பம் இருக்கிறது. அதுவும் அரைகுறை. ‘கையே து சினிமா’ என்ற திரைப்பட விமர்சன இதழ் 1968-இலேயே டாட்டிக்குப் பக்கங்களை ஒதுக்கிக் கொண்டாடியது உண்மை. அன்றாடப் பத்திரிகைகளில் எழுதிய பலரோ, நீளம், மந்தம், ஆள் எங்கே என்று பொதுமக்கள் சொன்னதையே சொன்னார்கள். குற்றப்பத்திரிகையில் அவர்கள் பெயர் ஏறவில்லை. ‘மக்கள்’ என்ற முகமில்லாத பிரதிவாதியின் பெயர் மட்டும் ஏறியது. வழக்கு நடத்த மிக வசதியானவர் அவர். பதில் சொல்ல வரமாட்டார்.

இந்தக் கதையை டாட்டி ஏற்றிருப்பாரா என்று பார்த்தால், அவருடைய தொழில்முறையே அதை மறுக்கிறது. இசைக்கூட மேடைகளில் விளையாட்டு வீரர்களை அபிநயம் செய்து வளர்ந்தவர் அவர். கூட்டம் எங்கே சிரிக்கிறது, எங்கே இருமுகிறது என்று கேட்டு ஆட்டத்தைத் திருத்துவது மேடைக்காரரின் வழக்கம். திரைப்படத்திலும் அதையே செய்தார். ‘யூலோவின் விடுமுறை’யை வெளியிட்ட பிறகும் 1960-களில் மறுபடி தொகுத்தார். சுறாமீன் படமான ‘ஜாஸ்’ உலகையே மிரட்டியபின், 1978-இல், கால் நூற்றாண்டுப் பழைய அந்தப் படத்துக்காகக் கடற்கரைக்குப் போய், படகு ஒன்று சுறாபோல் வாய் பிளக்கும் காட்சியைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார். மக்கள் மனத்தில் புதிதாக என்ன இருக்கிறது என்று எழுபது வயதிலும் கவனித்தவர் செய்த வேலை அது. இரண்டரை மணிநேர ப்ளேடைமும் வெளியான சில வாரங்களிலேயே அவர் கையாலேயே வெட்டுப்பட்டது. திரையரங்குக்காரர்களின் நெருக்குதல் இருந்தது. ஆனால் கூட்டத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்துத் திருத்தும் பழைய பழக்கமும் அதில் இருந்தது. 1974-இல் அவருடைய நிறுவனம் திவாலாகி, படங்களின் உரிமை கையைவிட்டுப் போனது. அதே ஆண்டு வந்த அவருடைய கடைசி முழுநீளப் படம் ‘பரேட்’ ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் நடக்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதில் வித்தைக்காரர்கள் ஆகிறார்கள். கூட்டத்தால் வீழ்த்தப்பட்டதாகச் சொல்லப்படுபவர் கூட்டத்துக்கே மேடையைக் கொடுத்து விடைபெற்றார்.

பிறகு ஏன் இந்தக் கதை இவ்வளவு உறுதியாக நிற்கிறது? சொல்பவருக்கு இது லாபம். ‘அவர்களுக்குப் புரியவில்லை’ என்று சொல்லும் கணத்தில், எனக்குப் புரிகிறது என்பது சொல்லாமலே சொல்லப்பட்டுவிடுகிறது. வங்கியும் விநியோகமும் அரங்கின் அளவும் பேச்சிலிருந்து மறைந்துவிடுகின்றன. கலைஞர் செய்த தவறான கணக்கும் தியாகமாக மாறிவிடுகிறது. டாட்டியின் கணக்கு தவறு என்று சொல்வது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. அரிதான கருவி இருக்கும் சில அரங்குகளுக்கென்று, ஊரெல்லாம் வந்து பார்க்க வேண்டிய செலவில் ஒரு படம் எடுத்தார். அது மகத்தான பிழை. அந்தப் பிழை இல்லாமல் இந்தப் படமும் இல்லை. இதை நேராகச் சொன்னால் டாட்டியின் பெருமை குறையாது. பார்வையாளர் மீது ஐம்பதாண்டுகளாகச் சுமத்திய பழி மட்டும் இறங்கும்.

ஒரு படம் ஓடவில்லை என்றால் மக்களின் ரசனையை அளக்கக் கிளம்புவதற்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எத்தனை அரங்கில் ஓடியது? எந்த ஊர்களில்? எந்த அளவுத் திரையில், எந்தப் பிரதியில்? டிக்கெட் என்ன விலை? விளம்பரம் எதைக் காட்டி அழைத்தது, உள்ளே எது இருந்தது? இத்தனைக்கும் பதில் எழுதியபிறகும் மிச்சம் ஏதாவது இருந்தால், அதை மக்கள் கணக்கில் எழுதுங்கள். ப்ளேடைமுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மக்கள் பக்கத்தில் மிஞ்சுவது ஒன்றுதான்: எங்கே சிரிப்பது என்று யாரும் சுட்டிக்காட்டாத ஒரு படத்தை, ஒரே ஒருமுறை பார்க்கும் வாய்ப்போடு, 12 லட்சம் பேர் போய்ப் பார்த்தார்கள்.